பையன் பேர், அப்பா பேர்: சேர்த்துக் கூப்பிட்டுப் பார்த்த அனுபவங்கள்

தூக்கமில்லாத அம்மா
பையன் பிறந்து 11 நாள் ஆச்சு, பேர் இன்னும் முடிவாகலை. பெண் குழந்தைக்குன்னு ஒரு பக்கம் முழுக்க எழுதி வச்சிருந்தேன், ஒண்ணுகூட உதவலை. வீட்டுக்காரர் பேர் குணசேகரன். எந்தப் படிவத்தை எடுத்தாலும் குடும்பப் பெயர் என்னன்னு கேட்டு அவரை அலுக்க வச்சுட்டாங்க. அதனால பையன் பேருக்குப் பின்னால ‘குணசேகரன்’ முழுசா வரணும், அதோட ஒட்டிப் போற பேரா இருக்கணும்ங்கிறார். அத்தைக்கு அவங்க மாமனார் பேர் வரணும். ரங்கராஜன்கிறதை ரங்கராஜ்னு சுருக்கிக்கலாம்ங்கிற வரைக்கும் இறங்கி வந்திருக்காங்க. எனக்குப் பிடிச்சது ஆதிரன், செழியன், பாரி, முகில். உங்க வீட்டுல எப்படி முடிவு பண்ணீங்கன்னு சொல்லுங்களேன். எண் கணிதம் மட்டும் வேண்டாம், அதுக்கு வீட்டுலயே ஆள் இருக்கு.

முன்னாள் நரி
சகோதரி, கோவிச்சுக்காதீங்க. உங்க அத்தை சொல்ற பேரைப் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டுல வர்ற மாதிரி ஒரு தடவை எழுதிப் பாருங்க. கு. ரங்கராஜ். இப்போ புள்ளியை எடுத்துட்டு வாசிங்க.

சிரிக்கிறதுக்காகச் சொல்லலை. என் பேர் ரியாஸ், அப்பா பேர் நஸீர். ந. ரியாஸ். ஆறாம் வகுப்புல ஒருத்தன் கண்டுபிடிச்சான், பன்னிரண்டாவது முடிக்கிற வரைக்கும் நான் நரி. ஆங்கிலத்துல எழுதினா இந்த ஆபத்து கம்மி, ஒரு எழுத்து தனியா நிக்கும், அவ்வளவுதான். தமிழ்ல உயிர்மெய் முழுசா வந்து பேரோட ஒட்டிக்கும். அரசு ஆவணங்கள்ல முதலெழுத்தும் தமிழ்லதான் இருக்கணும்னு 2021 டிசம்பர்ல தமிழக அரசு ஆணையே போட்டிருக்கு. அதனால தமிழ்ல எழுதிப் பார்க்காம எந்தப் பேரையும் முடிவு பண்ணாதீங்க.

தூக்கமில்லாத அம்மா
ஐயோ! நாலு நாளா அந்தப் பேரைச் சொல்லிக்கிட்டே இருக்கோம், ஒருத்தருக்கும் தோணலையே. அத்தைகிட்ட தாள்ல எழுதிக் காட்டினேன். ஒண்ணும் பேசாம உள்ளே போயிட்டாங்க.

வேந்தன் அம்மா
எங்க வீட்டுல இதுக்கு நேர்மாறா நடந்தது. வீட்டுக்காரர் பாஸ்கர். பையனுக்கு வேந்தன்னு வச்சோம், வேற யோசனை எதுவும் கிடையாது. பள்ளியில சேர்த்த அன்னிக்குத் தமிழாசிரியர் பதிவேட்டைப் பார்த்துட்டு, “பா. வேந்தன்! பாரதிதாசன் பட்டத்தையே வச்சுட்டீங்களேம்மா”ன்னார். யோசிச்சு வச்ச மாதிரியே தலையாட்டிட்டு வந்துட்டேன். கடவுச்சீட்டுல ‘வேந்தன் பாஸ்கர்’னு மாறினதும் அந்த அழகெல்லாம் போச்சு, அது வேற கதை.

ஆதிரன் பத்தி ஒண்ணு. ஆதிரன் குணசேகரன்னு வேகமாச் சொல்லிப் பாருங்க. ரெண்டும் ‘ரன்’னுல முடியுது, யாரையோ ஓடச் சொல்ற மாதிரி இருக்கு. நம்ம ஆண் பேர்ல முக்கால்வாசி ‘ன்’லதான் முடியும். அப்பா பேரும் அப்படியே இருந்தா கடைசி எழுத்தாவது வேற மாதிரி இருக்கட்டும். அப்பா பேர் நீளம்னா பையனுக்கு ரெண்டு, மூணு எழுத்து போதும்.

கடல் தாண்டினவன்
என் கதையைக் கேட்டா உங்க வீட்டுக்காரர் சொல்றது சரின்னு படும்.

எனக்குக் கடவுச்சீட்டு எடுத்தப்போ முதலெழுத்தை விரிக்காம விட்டுட்டாங்க. குடும்பப் பெயர்க் கட்டத்துல என் பேர், பக்கத்துக் கட்டம் காலி. அமெரிக்க விசா வந்ததும் பார்க்கிறேன், என் பேரோட எஃப்.என்.யூ.ன்னு மூணு எழுத்து. ‘முதற்பெயர் தெரியவில்லை’ங்கிறதோட சுருக்கமாம். ஆபீஸ் அடையாள அட்டையிலும் அதுவே ஏறி, ஒரு வருஷம் மின்னஞ்சல் எல்லாம் ‘அன்புள்ள ஃப்னு’ன்னுதான் வந்தது. முதல்ல திருத்தினேன், அப்புறம் விட்டுட்டேன். 2022 நவம்பர் 21லேர்ந்து ஒற்றைப் பேர் இருக்கிற கடவுச்சீட்டோட சுற்றுலா விசாவுல வர முடியாதுன்னு ஐக்கிய அரபு அமீரகம் சொன்னப்போதான் உண்மையிலேயே பயம் வந்தது. பின்பக்கத்துல அப்பா பேர் இருந்தா ஏத்துக்கிறோம்னு சில நாள்ல தளர்த்தினாங்க, தப்பிச்சேன்.

என் பையனுக்கு ரெண்டு கட்டத்தையும் நிரப்பிட்டேன். நீளத்தைப் பத்தி யாராவது பயமுறுத்தினா கவலைப்படாதீங்க. கடவுச்சீட்டோட அடியில ரெண்டு வரி இருக்குமே, இயந்திரம் படிக்கிறது, அதுல பேருக்கு 39 இடம். குணசேகரனுக்கு ஆங்கிலத்துல 11 எழுத்து, நடுவுல குறி 2. மிச்சம் 26 இருக்கு, தாராளம்.

செழியன் மட்டும் யோசிங்க. என் தம்பி பேர் எழில். அந்த ழகரத்தை ஆங்கிலத்துல எழுதினதைப் பார்த்து இங்கே எஸ்ஹில்னு ஒருத்தர், ஈசல்னு ஒருத்தர் கூப்பிடறாங்க. அவன் ஈசலுக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிட்டான்.

பாரி அப்பா
உங்க பட்டியல்ல என் பையன் பேரைப் பார்த்ததும் சந்தோஷம். முல்லைக்குத் தேர் கொடுத்தவன் பேர், ரெண்டே எழுத்து, எந்த அப்பா பேரோடவும் இழையும். ஆனா ஆங்கிலத்துல ஒரு ‘ஏ’வை விட்டுட்டோம். தமிழ்ல ‘பரி’ன்னு வாசிச்சா குதிரை, பரவாயில்லை. வடக்கே வேலைக்கு வந்தா, இந்தியில அது தேவதை, பெண்ணுக்கு வைக்கிற பேர். “பொண்ணு எங்கே?”ன்னு கேட்டுக்கிட்டே பக்கத்து வீட்டுக்காரங்க கவுன் பரிசு கொடுத்தாங்க. ரெண்டு ‘ஏ’ போட்டுத் திருத்த அலையாத அலைச்சல். வைக்கிறதா இருந்தா முதல்நாளே ரெண்டு ‘ஏ’ போட்டுடுங்க.

சுருக்கமா ஒண்ணு
அவசரப்படாதீங்க அக்கா. பேர் இல்லாமலே பிறப்பைப் பதிஞ்சுக்கலாம். 12 மாசத்துக்குள்ள பேரைச் சேர்த்தா கட்டணம் இல்லை, அப்புறம் தாமதக் கட்டணத்தோட 15 வருஷம் வரைக்கும் சேர்க்கலாம். ஆனா எழுத்துப்பிழை இல்லாம பார்த்துக்கோங்க. 2023 அக்டோபர் 1லேர்ந்து பிறந்த பிள்ளைங்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, கடவுச்சீட்டு எல்லாத்துக்கும் பிறந்த தேதிக்கு அந்தச் சான்றிதழ்தான் ஆதாரம்.

வீடு தேடியவன்
கொஞ்சம் விலகிப் போறேன், மன்னிக்கணும். குடும்பப் பெயர்க் கட்டத்தைப் பார்த்ததும் சிலர் சாதிப் பேரைத் தேடி எடுத்துப் போடறாங்க. எங்க சொந்தத்துலயே ரெண்டு பேர் அப்படிப் போட்டாங்க. 1929ல செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுல விடச் சொன்னதை, ஒரு படிவத்துல கட்டம் காலியா இருக்குதேன்னு திரும்பக் கொண்டு வரணுமா? வடக்கே வீடு தேடினப்போ என் பேரைச் சொன்னா, “அது சரி, முழுப் பேர் என்ன?”ன்னு கேட்பாங்க. அப்பா பேரைச் சொல்வேன். திரும்பவும் “முழுப் பேர்?” மூணாவது வீட்டுலதான் எதைக் கேட்கிறாங்கன்னு புரிஞ்சது. உங்க வீட்டுக்காரர் அப்பா பேரையே போடறது நல்ல முடிவு.

ஈப்போ அண்ணன்
மலேசியாவுல எங்களுக்கு இந்தச் சண்டையே இல்லைம்மா. பிள்ளை பேர், அப்புறம் ‘ஏ/எல்’, அப்புறம் அப்பா பேர். மலாய்ல ‘அனாக் லெலாக்கி’, மகன்னு அர்த்தம். சிங்கப்பூர்ல ‘எஸ்/ஓ’. விமான டிக்கெட் எடுக்கும்போது மட்டும் சாய்கோடு காணாமப் போய், என் பையன் பேரோட வால்ல ‘ஏஎல்’ ஒட்டிக்கும். அலெக்ஸோட சுருக்கமான்னு ஒரு அம்மா கேட்டாங்க.

ஓய்வுபெற்ற வாத்தியார்
அம்மாடி, அத்தை பக்கமும் கொஞ்சம் யோசிம்மா. பேரன்ங்கிறதே பெயரன்தான், தாத்தா பேரைச் சுமக்கிறவன். சி.வி. ராமனோட ‘சி’ அவர் அப்பா சந்திரசேகர ஐயர். ராமனுக்கு அண்ணன் சுப்ரமணியன். அவர் தன் மூத்த மகனுக்குத் தாத்தா பேரையே வச்சார். அந்தச் சுப்ரமணியன் சந்திரசேகருக்குத்தான் 1983ல நோபல் கிடைச்சது. 1999ல நாசா அனுப்பின எக்ஸ்-கதிர் தொலைநோக்கிக்கு அவர் நினைவா ‘சந்திரா’ன்னு பேர். ஒரு தாத்தா பேர் எங்கே போய் நிக்குது பாரு.

எல்லாருக்கும் அப்படி அமையறதில்லை. சதுரங்க ஆனந்துக்குச் சொந்தப் பேர் ஆனந்த், விஸ்வநாதன் அப்பா பேர். வெளிநாட்டுக்காரங்க முன்னால நிக்கிறதுதான் சொந்தப் பேர்னு நினைச்சு, அதைச் சுருக்கி ‘விஷி’ன்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. அதாவது அவங்க செல்லமாக் கூப்பிட்டது அப்பாவை! அதனால அப்பா பேர் முன்னால வந்தா எப்படி இருக்கும், பின்னால வந்தா எப்படி இருக்கும்னு ரெண்டு விதமாவும் சொல்லிப் பாரும்மா. எங்க வீட்டுல மூணு நாள் ஒவ்வொரு பேரா வச்சுப் பிள்ளையைக் கூப்பிட்டோம். ரெண்டு பேர் வாயிலேயே நிக்கலை.

தூக்கமில்லாத அம்மா
எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா சொன்ன மாதிரி மூணு நாள் கூப்பிட்டுப் பார்த்தோம். ஆதிரன் முதல் நாளே போயிட்டான், ரன் ரன்னு சொல்லி வீட்டுக்காரரே சிரிச்சுட்டார். செழியன் எனக்கு உயிர், ஆனா ஈசல் பயம். பாரியா முகிலான்னு வந்தப்போ, முகில் குணசேகரன்னு சொல்றது மூச்சுக்குச் சுலபமா இருந்தது. குணசேகரன் முகில்னு திருப்பினாலும் உறுத்தலை. கு. முகில்னு எழுதிப் புள்ளியையும் எடுத்துப் பார்த்தேன். குமுகில். ஒரு மிருகமும் இல்லை.

அத்தைகிட்ட எப்படிச் சொல்றதுன்னு ராத்திரி பூரா யோசிச்சேன். காலையில சொன்னதும் கொஞ்ச நேரம் பிள்ளை முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. “முகில்வண்ணன்னா யாரு? ரங்கன்தானே”ன்னாங்க. இப்போ வர்றவங்ககிட்ட எல்லாம் பேர் வச்சது தான்தான்னு சொல்லிக்கிட்டிருக்காங்க.