ஒரே ஞானஸ்நான வாக்கியம், ஏன் செல்லாது?

கேள்வி:
வணக்கம். மார்மன் சபையாரும் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தைச் சொல்லித் தண்ணீரில் முழுக்கியே ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள். புராட்டஸ்டண்டு சபைகள் பலவற்றின் ஞானஸ்நானத்தை ஏற்றுக்கொள்ளும் கத்தோலிக்கத் திருச்சபை, இவர்களுடையது செல்லாது என்று 2001-ஆம் ஆண்டு அறிவித்தது எதனால்?

மறுமொழி 1:
சொற்கள் ஒன்றாக இருப்பினும், அவை யாரைக் குறிக்கின்றன என்பதில்தான் சிக்கல். கி.பி. 325-இல் கூடிய நிசேயா சங்கம் என்னும் ஆயர்களின் பேரவை, குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று அறிக்கையிட்டது. மூவரும் ஒரே கடவுள் என்பதே கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ், புராட்டஸ்டண்டு சபைகளின் பொது விசுவாசம். 1830-இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் நிறுவிய, மார்மன் சபை என்று அழைக்கப்படும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையோ, மூவரும் தனித்தனியானவர்கள், நோக்கத்தில் ஒன்றுபட்டவர்கள் என்று போதிக்கிறது. பிதாவுக்கு மாம்சமும் எலும்புமான, தொட்டுணரக்கூடிய சரீரம் உண்டு என்று அவர்களது வேதநூல்களில் ஒன்றான 'கோட்பாடும் உடன்படிக்கைகளும்' நூலின் 130-ஆம் பாகம் கூறுகிறது.

இதைவிட ஆழமான பிளவு ஒன்று உண்டு என்பது என் கருத்து. கடவுள் இல்லாமையிலிருந்து அனைத்தையும் படைத்தார், ஆகவே படைத்தவருக்கும் படைப்புக்கும் இடையே கடக்க முடியாத வேறுபாடு இருக்கிறது என்பது மரபுப் போதனை. மார்மன் போதனையிலோ, கடவுள் ஏற்கெனவே இருந்த பொருளை ஒழுங்குபடுத்தினார். மனிதர் பிறக்குமுன்பே அவருடைய ஆவிப் பிள்ளைகளாக வாழ்ந்தனர். அவரைப் போலாகும் மேன்மைநிலையை அவர்கள் எட்டவும் கூடும். மற்ற வேறுபாடுகள் பலவும் இதிலிருந்து கிளைத்தவையே.

மறுமொழி 2:
நான் அந்தச் சபையைச் சேர்ந்தவன். எங்கள் போதனையை நேர்மையாக எடுத்துரைத்ததற்கு நன்றி. ஆயினும், நாங்கள் கிறிஸ்தவர்கள் அல்லர் என்று யாரேனும் முடிவுகட்டினால் மனம் வலிக்கிறது. ஞாயிறுதோறும் திருவிருந்தில் அப்பத்தையும், திராட்சரசத்துக்குப் பதிலாகத் தண்ணீரையும் பெறும்போது, இயேசுவின் சரீரத்தையும் இரத்தத்தையும்தான் நினைவுகூர்கிறோம். அப்போஸ்தலருக்குப்பின் அவர்களது அதிகாரம் பூமியிலிருந்து நீங்கியது, ஸ்மித் மூலம் அது மீட்டளிக்கப்பட்டது என்று நம்புவதால், பிற சபைகளிலிருந்து வருபவர்களுக்கு நாங்களும் மறுபடி ஞானஸ்நானம் கொடுத்தே சேர்த்துக்கொள்கிறோம். எனவே ரோமின் அறிவிப்பைக் குறைகூற எனக்கு உரிமையில்லை.

மறுமொழி 3:
இந்த வேறுபாடுகளோடு, மரித்தோருக்காக, அவர்கள் சார்பில் உயிரோடிருப்பவர் பெறும் ஞானஸ்நானத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1 கொரிந்தியர் 15:29-ஐ அதற்கு ஆதாரமாக மார்மன் சபையார் காட்டுகிறார்கள். உயிர்த்தெழுதலை மறுத்தவர்களுக்கு விடையளிக்கும்போது பவுல் அவ்வழக்கத்தைச் சுட்டுகிறாரேயன்றி, அதைச் செய்யும்படி கட்டளையிடவில்லை என்பதே மரபுவழி விளக்கவுரையாளர் பலருடைய வாதம்.