புதுப்பிப்பு: அப்பாவின் சிபேப் மாஸ்க் பிரச்சினை தீர்ந்தது

தூக்கத்தில் அப்பாவுக்கு மூச்சு நின்று நின்று வருகிறது, மாஸ்க் வழியே காற்றை அழுத்தத்தோடு செலுத்தி மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் சிபேப் மெஷின் வாங்கியும் நடுராத்திரி மாஸ்க்கைக் கழற்றிவிடுகிறார் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

தூக்கப் பரிசோதனையில் அவருக்கு மணிக்கு 42 தடவை மூச்சுத் தடை. 30 ஆனாலே தீவிரம்தான். போட்டிருந்தது மூக்கை மட்டும் மூடும் மாஸ்க். தூக்கத்தில் வாய் திறந்துகொள்ள, காற்றெல்லாம் அந்த வழியே போய், காலையில் நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக் கிடக்கும். "வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க்குக்கு மாற்றுங்கள், காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையரையும் போடுங்கள்" என்று ஒருவர் சொன்னாரே, அதுதான் பலித்தது. முதல் வாரம் 2 மணி நேரம் தாங்கினார், இப்போது 6. மணிக்கு 42 ஆக இருந்த மூச்சுத் தடை, மெஷின் காட்டும் கணக்கில் 4-க்கு இறங்கிவிட்டது. ஒருக்களித்துப் படுப்பது மட்டும் அவருக்குப் போதவில்லை.

எதிர்பாராத ஒன்று: ராத்திரி நாலு தடவை சிறுநீர் கழிக்க எழுந்தவர், இப்போது ஒரு தடவைதான் எழுகிறார். ப்ராஸ்டேட்டோ என்று பயந்துகொண்டிருந்தோம். மூச்சு அடைபடும்போது இதயம் சுரக்கும் ஒரு ஹார்மோன் சிறுநீரைக் கூட்டும் என்று டாக்டர் விளக்கினார். அவர் சாப்பிடும் ரத்த அழுத்த மாத்திரையை நாங்களாகக் குறைக்கவில்லை.

ஹியூமிடிஃபையருக்கு டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்றுகிறோம். குழாய்த் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படிகிறது.