மிஸ்டர் பீன் டிவிடி: 14 எபிசோடா, 15 எபிசோடா?

கேள்வி: ரோவன் அட்கின்சனின் மிஸ்டர் பீன் முழுத் தொகுப்பு டிவிடியில் வேண்டும். சில இடங்களில் 14 எபிசோடு, சில இடங்களில் 15 என்கிறார்கள், எது சரி? அப்புறம் அவர் இப்போது ஏதாவது புதிதாக நடிக்கிறாரா? செய்தி தேடினால் அவர் இறந்துவிட்டார் என்ற பழைய புரளிதான் மறுபடி மறுபடி வருகிறது, எரிச்சலாக இருக்கிறது.

பதில்: 15 இருந்தால்தான் முழுசு. 1990 முதல் 1995 வரை பிரிட்டனின் ஐடிவி சேனலில் ஓடியது 14தான். முடிதிருத்தகத்தில் ஆரம்பிக்கும் எபிசோடு அப்போது டிவிக்கே வராமல் 1995-ல் நேராக வீடியோ கேசட்டில் வெளியானது, அதனால்தான் இந்தக் குழப்பம். டெடி பொம்மையைச் செல்லப்பிராணிப் போட்டியில் கொண்டுபோய் நிறுத்துவாரே, அது இதில்தான். விட்டுவிடாதீர்கள்!

பதில்: ரீஜன் கோடும் பாருங்கள், அதாவது டிவிடி எந்த நாடுகளின் பிளேயரில் ஓடும் என்பதற்கான எண். பிரிட்டன் டிவிடி ரீஜன் 2, அமெரிக்காவுடையது ரீஜன் 1, உங்கள் பிளேயரின் ரீஜனோடு பொருந்தாவிட்டால் பல பிளேயர்களில் ஓடாது. அதே பெயரில் 2002-ல் கார்ட்டூன் தொடரும் வந்தது, அட்டையைச் சரியாகப் பார்த்து வாங்குங்கள்.

பதில்: நடிக்கிறாரே! 2022-ல் நெட்ஃப்ளிக்ஸில் மேன் வெர்சஸ் பீ, 2025-ல் அதன் தொடர்ச்சியாக மேன் வெர்சஸ் பேபி.

கேள்வி கேட்டவர்: சரி, 15 உள்ளதையே தேடுகிறேன். நன்றி.