அப்ரைசலுக்கு (வருடாந்திர வேலை மதிப்பீட்டுக்கு) முன்னால் மேனேஜர் கையில் என்ன இருக்கணும்?

டெலிவரி மேனேஜர், சென்னை
மார்ச் கடைசியில் ஃபார்மைத் திறந்து யோசித்தால் ஜனவரிக்கு முந்தைய எதுவும் நினைவுக்கு வராது. பிப்ரவரி ரிலீஸில் சொதப்பியவருக்கு அடி. ஜூலையில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து சர்வரைத் தூக்கி நிறுத்தியவர் மறந்தே போவார். ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, மாதம் இரண்டு வரி எழுதிவந்தால் போதும்: தேதி, நடந்தது, பலன். ‘நல்ல உழைப்பாளி’ என்று எழுதுவதில் பிரயோஜனமில்லை. ‘ஆகஸ்ட் 12: பில்லிங் கோளாறின் வேரைப் பிடித்தார், அந்த வகைப் புகார் டிக்கெட் அதன்பின் வரவில்லை’ என்றிருந்தால் எங்கேயும் நிற்கும்.

ஏப்ரலில் போட்ட கோல் ஷீட்டை (வருட இலக்குப் பட்டியலை), நடுவில் ப்ராஜெக்ட் மாறினால் அப்போதே திருத்திவிடுங்கள். அவர்களே தங்களைப் பற்றி எழுதித் தரும் செல்ஃப் அப்ரைசலைப் படிக்கும் முன்பே உங்கள் ரேட்டிங்கைத் தனியாகக் குறித்துவையுங்கள். எழுத்துத் திறமை உள்ளவர் ஆளை மயக்கிவிடுவார்!

டீம் லீட், கோவை
அந்தக் குறிப்பெல்லாம் உண்மையில் உதவுறது, எல்லா டீம் ரேட்டிங்கையும் ஒண்ணா வெச்சு சரிக்கட்டுற நார்மலைசேஷன் மீட்டிங்லதான். மைக்ரோசாஃப்ட் 2013லயே கட்டாய ரேங்கிங்கைக் கைவிட்டாச்சு. நம்ம ஊர்ல பல இடத்துல பெல் கர்வ், அதாவது இந்த ரேட்டிங் இத்தனை பேருக்குத்தான்னு பங்கு பிரிக்கிற முறை, இன்னும் உயிரோட இருக்கு. அந்த மீட்டிங்ல ஒரு பேருக்கு ரெண்டு நிமிஷம் கிடைச்சாலே பெரிசு. ரேட்டிங் 3க்கும் 4க்கும் நடுவுல தொங்குறவங்களுக்கு மட்டும் ஆளுக்கு மூணு ஆதாரம் தயாரா வெச்சுக்குங்க, மத்தவங்களுக்கு ஒண்ணு போதும். மீட்டிங் முடியறதுக்குள்ள “உனக்கு 4 போட்டிருக்கேன்”னு வாய்விட்டுடாதீங்க. அது 3 ஆகி வந்தா, அப்புறம் நீங்க சொல்ற எந்தக் காரணமும் எடுபடாது.

எச்.ஆர்., பெங்களூரு
மகப்பேறு விடுப்பை விட்டுவிட்டீர்களே. 2017 சட்டத் திருத்தத்துக்குப் பின் முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரம், அதாவது பாதி வருடம். வேலை பார்த்த மாதங்களை மட்டும் மதிப்பிடுங்கள், டார்கெட்டையும் அந்த விகிதத்தில் குறையுங்கள். ‘விடுப்பில் இருந்ததால் 3’ என்று ஃபார்மில் எழுதினால் உங்களுக்கே வம்பு.

டெலிவரி மேனேஜர், சென்னை
சரியான பாயிண்ட். பேச உட்காரும்போது 45 நிமிடம் ஒதுக்கி, முதல் 15ஐ அவருக்கே விடுங்கள். சம்பள ஹைக் பேச்சு வந்தால் சதவீதத்தை ஊகித்துச் சொல்லாமல், கடிதம் வரும் தேதியை மட்டும் சொல்லுங்கள். குறைந்த ரேட்டிங் என்றால், எந்தத் தேதியில் அதை முதலில் அவரிடம் சொன்னீர்கள் என்ற மெயிலைக் கையோடு எடுத்துப் போங்கள். அப்படி ஒரு மெயில் இல்லையென்றால், அந்த ரேட்டிங்கை இன்னொரு முறை யோசிக்கலாம்.