மாணவியர் விடுதி: முன்பணம் கட்டுமுன் என்னென்ன பார்க்க வேண்டும்?

வைகைக்கரை:
மகளுக்கு மதுரையில் பி.எஸ்சி. இடம் கிடைத்திருக்கிறது. கல்லூரி விடுதி நிரம்பிவிட்டது. பிற்படுத்தப்பட்ட வகுப்பு, விவசாயக் குடும்பம். அரசு விடுதிக்குப் போடலாமா, தனியாரா? தனியார் என்றால் எதைப் பார்க்க வேண்டும்?

மல்லிகா_தே:
முதலில் அரசு விடுதிக்குப் போடுங்கள் சார். பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையின் கல்லூரி விடுதிகளில் தங்கவும் சாப்பிடவும் காசு கிடையாது. வீட்டுக்கும் கல்லூரிக்கும் 8 கி.மீ. தூரம் இருக்கவேண்டும் என்ற விதி மாணவியருக்குப் பொருந்தாது. "பக்கத்து ஊர்தானே" என்று யாராவது தட்டிக்கழித்தால் இதைச் சொல்லுங்கள். பெற்றோர் ஆண்டு வருமான வரம்பு ரூ.2.5 லட்சமாக இருந்தது, இந்த ஆண்டு விண்ணப்பத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வருமானச் சான்றுக்கு இ-சேவையில் இன்றே போட்டுவிடுங்கள். அதற்காகக் காத்திருந்தே கடைசித் தேதி போய்விடும்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ரூ.1,000 வரும். கைச்செலவுக்கு ஆகும்.

கணக்குப்பிள்ளை:
தனியார் என்றால் பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், உரிமத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டில் பெண்கள் விடுதிகளுக்கான 2014 ஒழுங்குமுறைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரின் உரிமம் கட்டாயம். "அப்ளை பண்ணியிருக்கோம்" என்றால் இன்னும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். பெண் வார்டன் இரவும் அங்கேயே தங்குகிறாரா என்று கேளுங்கள். முடிந்தால் இரவு எட்டு மணிக்கு மேல் போய்ப் பாருங்கள். பகலில் எல்லா விடுதியும் நல்ல விடுதிதான்.

அடுத்தது மெஸ் பில். டிவைடிங் சிஸ்டம் என்றால் மாதச் செலவை மொத்தச் சாப்பாட்டு நாட்களால் வகுப்பார்கள். 200 பேர், ஆளுக்கு 25 நாள், 5,000 நாள். செலவு 6 லட்சம் என்றால் நாளுக்கு ரூ.120. ஸ்டடி லீவு மாதத்தில் ஆளுக்கு 10 நாள்தான், 2,000 நாள். மளிகைச் செலவு 5 லட்சத்திலிருந்து 2 லட்சமாகக் குறையும். சமையல்காரர் சம்பளம் 1 லட்சம் அப்படியே நிற்கும். நாளுக்கு ரூ.150 ஆகிவிடும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, கணக்கே அப்படித்தான். ஏமாற்று நடப்பது மெஸ் கட்டில், அதாவது ஊருக்குப் போன நாட்களுக்குச் சாப்பாட்டுக் காசைக் கழிப்பதில்: எத்தனை நாள் தொடர்ந்து ஊரில் இருந்தால் கழிப்பார்கள், எத்தனை நாள் முன்பு எழுதித் தரவேண்டும் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். காஷன் டெபாசிட் (காலி செய்யும்போது திருப்பித் தரவேண்டிய முன்பணம்) எப்போது திரும்பும் என்பதையும் சேர்த்து.

ஜி.எஸ்.டி. என்று தனியாகக் கேட்டால், 2024 ஜூலையிலிருந்து மாதம் ரூ.20,000 வரையிலான தங்கும் கட்டணத்துக்கு, தொடர்ந்து 90 நாள் தங்கினால், வரி கிடையாது.

சுசீலா அக்கா:
கழிப்பறையில் மூடியுள்ள குப்பைத் தொட்டி இருக்கிறதா, நாப்கின் எரிப்பான் ஓடுகிறதா என்று வார்டனிடம் கேட்காமல் அங்கே தங்கும் பிள்ளைகளிடம் கேளுங்கள் தம்பி. இரண்டும் இல்லாத இடத்தில் மாதம் ஒருமுறை குழாய் அடைக்கும். மெத்தையின் தையல் ஓரத்தை விரித்துப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி. அந்தக் கட்டிலே வேண்டாம்.

வைகைக்கரை:
நன்றி. கெட்டில், இன்டக்‌ஷன் அடுப்பு கொடுத்துவிடலாமா?

கணக்குப்பிள்ளை:
அறைகளில் இருப்பது பெரும்பாலும் 6 ஆம்பியர் பிளக். 230 வோல்ட்டில் அது தாங்குவது 1,380 வாட். கெட்டில் 1,500, இன்டக்‌ஷன் 2,000. பிளக் சூடேறி உருகும். நாலு அறையில் ஒரே நேரம் போட்டால் எம்.சி.பி. (சுமை கூடினால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்து மாடி முழுக்கக் கரண்ட் போகும். தடை போடுவது அதனால்தான். 600 வாட் சிறிய கெட்டில் கிடைக்கிறது, அதையும் வார்டனிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.