வாடையே வராத பிவிசி ஆலை: பொது விசாரணையில் என்ன கேட்பது?

மாடிவீடு:

வணக்கம். எங்கள் மொட்டை மாடியில் நின்றால் ஒரு பிவிசி ஆலையின் பின்பக்கம் தெரியும். வினைல் குளோரைடு வாயுவை ரியாக்டரில் போட்டு பிவிசி தூளாக்கும் ஆலை. உற்பத்தியைக் கூட்ட அனுமதி கேட்டிருக்கிறார்கள், அடுத்த மாதம் பொது விசாரணை. எங்கள் தெரு சார்பில் பேசப் போவது நான்தான். வேறு யாரும் முன்வரவில்லை.

ஆலைத் தரப்பிலிருந்து கனமான அறிக்கை ஒன்று கொடுத்தார்கள். புகைபோக்கியில் அளந்தது எல்லாம் வரம்புக்குள் என்று இருக்கிறது. உண்மையிலேயே புகை இல்லை, வாடையும் இல்லை. "வாடை வந்தால்தானே பயப்பட வேண்டும்?" என்கிறார் என் கணவர். அடுத்த தெரு ஃபைபர் கிளாஸ் பட்டறை நெடிதான் எங்களைப் படுத்துகிறது, சண்டை போடுவதென்றால் அங்கே போய்ப் போடு என்பது அவர் கட்சி.

நான் கணக்கு ஆசிரியை. வேதியியல் பள்ளியோடு சரி. எண்ணைக் கொடுத்தால் புரிந்துகொள்வேன். இந்த அறிக்கையில் எந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும்? விசாரணையில் எதைக் கேட்டால் மழுப்ப முடியாது?

நிலாமுற்றம்:

விசாரணையெல்லாம் சடங்கு. நல்ல காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்று வாங்கி வையுங்கள், நிம்மதி.

பித்தளைவில்லை:

அம்மா, சுத்திகரிப்பான் வேண்டாம். அதிலிருக்கும் வடிகட்டி தூசியைப் பிடிக்கும், இது வாயு. கரி வடிகட்டியிலும் வினைல் குளோரைடு சரியாக ஒட்டாது.

இப்படியொரு ஆலையில் பதினோரு வருடம் கசிவு பார்க்கும் வேலை செய்தவன் நான். ஒவ்வொரு வால்விலும், பம்ப் சீலிலும், குழாய்கள் இணையும் ஃபிளாஞ்சிலும் எண் பொறித்த பித்தளை வில்லை தொங்கும். கருவியின் முனையை வால்வுத் தண்டைச் சுற்றி மெதுவாக நகர்த்தி, எத்தனை பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் எத்தனை பங்கு) காட்டுகிறது என்று அந்த எண்ணுக்கு எதிரே எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதனால் எனக்குத் தெரிந்தது முழுக்கக் கசிவுதான், சட்டம் அதன் ஓரமாகத் தெரியும்.

முதலில் வாடை. வினைல் குளோரைடு லேசான இனிப்பு வாடை உள்ள வாயு. ஆனால் மனித மூக்குக்கு அது எட்ட ஏறக்குறைய 3000 பிபிஎம் வேண்டும். ஆலைக்குள் வேலை செய்பவருக்கு அமெரிக்காவில் அனுமதித்த அளவு 8 மணி நேரச் சராசரியாக 1 பிபிஎம். வாடை தெரிகிற நேரத்தில் நீங்கள் நின்று யோசிக்கக் கூடாது, ஓட வேண்டும். ஃபைபர் கிளாஸ் பட்டறை நெடி ஸ்டைரீன். அது நேர் எதிர், 1 பிபிஎம்முக்குக் கீழேயே மூக்கைத் துளைக்கும். அதையும் சும்மா விடக் கூடாதுதான், ஆனால் இரண்டையும் மூக்கால் ஒப்பிட்டால் உங்கள் கணவர் சொன்ன முடிவுக்குத்தான் வருவோம்.

அந்த 1 பிபிஎம் எப்படி வந்தது என்று தெரிந்துகொள்வது விசாரணையில் உதவும். 1974 ஜனவரியில், அமெரிக்காவின் லூயிவில் நகர பிவிசி ஆலையில் வேலை செய்தவர்கள் சிலர் கல்லீரல் ஆஞ்சியோசார்கோமாவில் இறந்தது வெளியே வந்தது. ஒரு மருத்துவர் தன் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பார்க்காமல் போகக்கூடிய புற்றுநோய் அது. ஒரே ஆலையில் அடுத்தடுத்து வந்ததால்தான் கண்ணில் பட்டது. சாதாரணப் புற்றுநோயாக இருந்திருந்தால் கூட்டத்தில் கலந்து போயிருக்கும், யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். அதுவரை வரம்பு 500 பிபிஎம். ரியாக்டர் சுவரில் படிந்த பிவிசி தோலை ஆட்கள் உள்ளே இறங்கி உளியால் சுரண்டிய காலம். அப்படி இறங்கியவர்களில் சிலருக்கு விரல் நுனி எலும்பே கரைந்திருக்கிறது. 1975-ல் வரம்பை 1 பிபிஎம் ஆக்கியபோது தொழிலையே மூட வேண்டியதுதான் என்றார்கள். மூடவில்லை. ஆளுக்குப் பதில் உயர் அழுத்தத் தண்ணீர் ரியாக்டரைக் கழுவியது, தூளில் மிச்சமிருந்த வாயுவை நீராவி விட்டு உரித்து மறுபடி உற்பத்திக்கே அனுப்பினார்கள். காற்றில் போய்க்கொண்டிருந்தது சரக்குதானே. "இதைச் செய்ய முடியாது" என்று யாராவது மேடையில் சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

சரி, உங்கள் அறிக்கை. புகைபோக்கிப் பக்கத்தை மூடி வையுங்கள். அங்கே நடக்கும் சோதனை பொதுவாக ஒரு மணி நேரம் வீதம் மூன்று முறை. அமெரிக்க விதிப்படி 60 நாள் முன்னால் தெரிவித்துவிட்டுத்தான் செய்கிறார்கள். தேதி தெரிந்த தேர்வு. அன்று ஆலை மணமேடை மாதிரி இருக்கும். அதைவிட முக்கியம், வாயு போகிற வழி புகைபோக்கி மட்டும் இல்லை. வால்வு, பம்ப் சீல், கேஸ்கெட், ரியாக்டரைத் திறக்கிற நேரம், தூளில் ஒட்டிக்கொண்டு உலர்த்தி வரை போய் அங்கே பிரிவது, கழிவுநீரிலிருந்து கிளம்புவது. இதற்கெல்லாம் புகைபோக்கி கிடையாது. அறிக்கையின் பின்னிணைப்பில் "உபகரணக் கசிவு" என்று ஓர் அட்டவணை இருக்கும். அதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஷிஃப்ட்காரன்:

பித்தளைவில்லை அண்ணன் சொல்வது சரிதான், ஆனாலும் ஆலைக்காரன் என்ற முறையில் ஒன்று. இன்றைய ஆலையை 1974 ஆலையோடு சேர்த்துப் பேசினால் விசாரணையில் முதல் நிமிடத்திலேயே உங்களை உட்கார வைத்துவிடுவார்கள். கழிவு வாயு எரிகலனுக்குப் போகிறது, எரிந்து வரும் ஹைட்ரஜன் குளோரைடைத் தண்ணீரில் கழுவுகிறோம். 2012-ல் வந்த அமெரிக்க பிவிசி விதி, எரியும்போது உண்டாகும் டயாக்சின் என்ற நச்சுக்குக்கூட வரம்பு வைத்திருக்கிறது. புகைபோக்கிச் சோதனையும் வெறும் நாடகம் இல்லை. எரிகலன் வெப்பநிலை நாள் முழுக்கப் பதிவாகும், குறைந்தால் அது விதிமீறல்.

ஆனால் ஆலையை ஏற்றும்போதும் இறக்கும்போதும் கோளாறிலும் வெளியேறுவதை வரம்புக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்ற சலுகை அங்கே நெடுநாள் இருந்தது. 2008-ல் நீதிமன்றம்தான் அதை அடித்தது. உங்கள் இடத்தில் அந்தச் சலுகை இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள். ஷிஃப்டில் நின்றவன் சொல்கிறேன், ஒழுங்காக ஓடுகிற நாளில் ஆலை சாது.

கரையோரம்:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் பக்கம் எத்திலீன் ஆலை. மிச்ச வாயுவை உயரத்தில் எரித்துவிடும் ஃபிளேரில் சுடர் பெரும்பாலும் தெரிவதே இல்லை, புகையும் கிடையாது. அப்படியானால் நல்லதுதானே?

பித்தளைவில்லை:

கரையோரம், நல்லதாகவும் இருக்கலாம், மோசமாகவும் இருக்கலாம். கரும்புகை வரக் கூடாதென்று சுடருக்கு நீராவி கொடுப்பார்கள். அளவுக்கு மிஞ்சிக் கொடுத்தால் சுடர் குளிர்ந்து, வாயு எரியாமலேயே போய்விடும். பார்க்க வெகு சுத்தமாக இருக்கும். கணக்கில் மட்டும் 98 சதவீதம் எரிந்ததாக எழுதுவார்கள். அதனால்தான் அமெரிக்காவில் 2015-ல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும், 2020-ல் எத்திலீன் ஆலைகளுக்கும், ஃபிளேர் முனையில் போகிற வாயுக் கலவைக்கு எரியும் அளவு வெப்பம் இருக்கிறதா என்று கணக்கிட்டுக் காட்டச் சொன்னார்கள். தனி இழை தொடங்குங்கள், விரிவாக எழுதுகிறேன்.

தம்பி ஷிஃப்ட்காரன், ஒத்துக்கொள்கிறேன். எரிகலன் நன்றாகவே வேலை செய்யும், வாயு அதுவரை போய்ச் சேர்ந்தால்.

மாடிவீடு:

பின்னிணைப்பு கிடைத்தது. வாயு ஓடும் வால்வு 640. ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 0.00597 கிலோ. வருடத்துக்கு ஒரு வால்வுக்குச் சுமார் 52 கிலோ, மொத்தம் 33 டன்னுக்கு மேல் வருகிறது. அப்புறம் அதிலிருந்து 92% கழித்து 2.7 டன் என்று முடித்திருக்கிறார்கள். உற்பத்தி கூடிய பிறகும் அதே 2.7 டன்தான். இது எப்படி? என் மாணவன் இப்படி எழுதினால் "வழிமுறை எங்கே?" என்று சிவப்பு மையில் எழுதுவேன்.

பித்தளைவில்லை:

எழுதுங்கள், அதே சிவப்பு மையில்!

அந்த 0.00597 அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் 1995 கையேட்டில் இருக்கும் சராசரி. உங்கள் ஆலையில் யாரும் அளந்ததில்லை. அந்த 92-ம் அதே கையேட்டிலிருந்துதான் வருகிறது: கடுமையான விதிப்படி கசிவு பார்த்துச் சரிசெய்தால் இவ்வளவு குறையும் என்ற அனுமானம். கணக்கு வால்வு எண்ணிக்கையில் நடப்பதால், அதே வால்வுகளில் இரட்டிப்பு சரக்கு ஓடினாலும் விடை மாறாது. ஆனால் ரியாக்டரைத் திறக்கிற தடவை கூடும். அது எந்த வரியில் ஏறியிருக்கிறது என்று கேளுங்கள்.

92 என்பது எங்களைப் போன்ற ஆட்களின் கையில் இருக்கிறது, அதனால் சொல்கிறேன். முனையை மெதுவாக நகர்த்த வேண்டும், எண் ஏறுகிற இடத்தில் நிறுத்திக் காத்திருக்க வேண்டும், அதுவும் கருவி பதில் சொல்ல எடுக்கும் நேரத்தைப் போல இரு மடங்கு. ஒழுங்காகச் செய்தால் ஒரு நாளில் சில நூறு வால்வுதான் முடியும். எங்கள் குழுவில் ஒருவர் எல்லோரையும் போல இரண்டு மடங்கு முடிப்பார். அவருக்குக் கசிவே கிடைக்காது. நானும் யோக்கியன் இல்லை. மழை பெய்த ஒரு நாள் ஏணி ஏற மனமில்லாமல், மேல்தளக் குழாய் வால்வு பதினெட்டுக்கும் போன மாதத்து எண்ணையே எழுதினேன். அடுத்த மாதம் ஏறிப் பார்த்தால் அதில் ஒன்று கருவியின் மேல் எல்லையைத் தாண்டிக் காட்டியது. எத்தனை நாளாகக் கசிந்ததோ. இந்த வேலையில் மொத்தக் கசிவில் பெரும்பங்கு இப்படி ஒன்றிரண்டு வால்விலிருந்துதான் வரும். ஒன்று தவறினாலும் அந்த 92 போச்சு.

ஆகவே நான் கேட்பதானால் ஒன்றைத்தான் பிடித்துக்கொள்வேன்: ஆலையின் வேலியில் காற்றை அளந்தீர்களா? 2024-ல் அமெரிக்க முகமை ரசாயன ஆலைகளுக்குக் கொண்டுவந்த விதி அதைத்தான் சொல்கிறது. வினைல் குளோரைடு, பென்சீன், எத்திலீன் ஆக்சைடு உட்பட ஆறு பொருள்கள். வினைல் குளோரைடுக்கு ஐந்து நாளுக்கு ஒருமுறை, 24 மணி நேரக் காற்றை வேலியைச் சுற்றி உலோகக் கலன்களில் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அதிகபட்ச அளவிலிருந்து குறைந்தபட்ச அளவைக் கழிப்பார்கள். வெளியிலிருந்து காற்றில் வந்தது கழிந்து, ஆலை சேர்த்தது மட்டும் மிஞ்சும். எனக்குப் பிடித்த கழித்தல் கணக்கு இது. அந்த வித்தியாசத்தின் வருடச் சராசரி கன மீட்டருக்கு 3 மைக்ரோகிராமைத் தாண்டினால், காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். மூக்குக்கு எட்டும் அளவோடு ஒப்பிட்டால் இது சுமார் 25 லட்சத்தில் ஒரு பங்கு. உங்கள் கணவருக்குச் சொல்லுங்கள்.

ஆனால் தாண்டியதற்காக மட்டும் அபராதம் கிடையாது, தேடாமல் விட்டால்தான் மீறல். மேடையில் இதை மாற்றிச் சொல்லிவிடாதீர்கள், பிடித்துக்கொள்வார்கள். 2025-ல் சில ஆலைகளுக்கு இந்த விதியிலிருந்து இரண்டு வருட விலக்கு கொடுத்திருக்கிறார்கள், அதையும் எடுத்துப் போடுவார்கள். போடட்டும். கலனில் காற்றுப் பிடிக்கிற முறை அதனால் இல்லாமல் போய்விடவில்லை.

ஷிஃப்ட்காரன்:

வேலியில் அளப்பதை ஆலைக்குள் எல்லோரும் எதிர்ப்பார்கள் என்று நினைக்காதீர்கள். அளவு கூடினால் ராத்திரி ஓடுகிறவன் நான்தான். ஆனாலும் எங்கே ஒழுகுகிறது என்று தெரியாமல் மூன்று ஷிஃப்ட் உள்ளே நிற்பதைவிட அது தேவலாம்.

மாடிவீடு:

விசாரணை முடிந்தது. எனக்குக் கிடைத்தது நான்கு நிமிடம். வேலியில் அளந்தீர்களா என்று கேட்டேன். "அப்படி ஒரு தேவை எழவில்லை" என்றார்கள். ரியாக்டர் திறப்பு எந்த வரியில் என்றதற்கு ஆலோசகர் பின்னிணைப்பை இரண்டு முறை புரட்டினார், அதிகாரியே எழுத்துமூலம் பதில் தரச் சொன்னார். 92% அளந்ததா என்றேன். கசிவுச் சோதனைப் பதிவேட்டின் நகலைத் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். என் கணவர் பின் வரிசையில் உட்கார்ந்து வீடியோ எடுத்தார்.

பித்தளைவில்லை:

பதிவேடு வந்ததும் பிபிஎம் எண்ணைப் பார்க்காதீர்கள். நேரம் எழுதிய பத்தியைப் பாருங்கள். ஒரு வால்வுக்கும் அடுத்ததற்கும் எத்தனை வினாடி என்று கழித்துப் பாருங்கள். மேல்தள வால்வுக்கும் தரைத்தள வால்வுக்கும் ஒரே இடைவெளி இருந்தால், அன்று யாரும் ஏணி ஏறவில்லை.

மாடிவீடு:

இன்று வந்தது, 212 பக்கம். தேதி இருக்கிறது, வில்லை எண் இருக்கிறது, பிபிஎம் இருக்கிறது. நேரப் பத்தியை மட்டும் காணோம்.

பித்தளைவில்லை:

கருவியே நேரத்தைப் பதிந்துகொள்ளும். அந்தக் கோப்பு வேண்டும் என்று இன்றே எழுதிப் போடுங்கள்.