லோங்காங் தண்ணி லெட்டர்: எங்க இஸ், எங்க சீம்ஸ்

சிவா: எல்லாருக்கும் வணக்கம். நம்ம வீட்டு பின்னாடி லோங்காங் (சாக்கடை) தண்ணி விஷயமா செம்பனை எண்ணெய் மில்லுக்கு லெட்டர் எழுதிட்டேன். கேஎல் ஹெட் ஆபீசுக்கு போறதால இங்கிலீஷ்லதான், ஜாபாத்தான் அலாம் செகித்தாருக்கு (சுற்றுச்சூழல் இலாகா) மலாய்ல தனியா போடுவோம். முக்கியமான வரி இது: "தி வாட்டர் இஸ் பாய்சனஸ். தி மில் இஸ் ரிலீசிங் வேஸ்ட் எவ்ரி நைட். ஆல் தி ஃபிஷ் ஆர் டெட்." படிச்சிட்டு சொல்லுங்க

குமார்: நல்லாருக்கு லா. இன்னும் காரமா போடு

பாக்கியம் அக்கா: ஆமா தம்பி. வீட்டு பின்னாடி நாத்தம் தாங்கல, சன்னல் தொறக்க முடியல, பேரனுக்கு காலைலருந்து வாந்தி வேற

செல்வி: இன்னிக்கு பாசார் மாலம் (ராத்திரி சந்தை) இருக்கா யாருக்காச்சும் தெரியுமா

ராஜேஸ்வரி டீச்சர்: சிவா, நல்ல காரியம் பண்ற. ஆனா மூனு வரிலயும் இஸ், ஆர்னு போட்டிருக்க. இஸ் போட்டா இதுக்கு நான் பொறுப்புன்னு கையெழுத்து போடற மாதிரி. தண்ணிய யாரும் லேப்ல டெஸ்ட் பண்ணல, அப்பறம் பாய்சனஸ்னு எப்படி தெரியும்னு அவங்க வக்கீல் மொத வரிலயே கேப்பாரு, அதுக்கு கீழ உள்ளத படிக்கவே மாட்டாங்க

குமார்: அப்ப சீம்ஸ், அப்பியர்ஸ்னு போடணுமா டீச்சர்? பயந்துகிட்டு எழுதற மாதிரில இருக்கும். நாத்தம் அடிக்குது, மீனு செத்து மெதக்குது, இதுக்கு மேல என்ன வேணும்

ராஜேஸ்வரி டீச்சர்: எல்லாத்துக்கும் சீம்ஸ் போட சொல்லல குமாரு. பாத்தத பாத்தேன்னு அழுத்தமா சொல்லணும். தண்ணி கரும்பழுப்பா இருக்கு, போட்டோ இருக்கு, அங்க தைரியமா "தி வாட்டர் இஸ் டார்க் பிரவுன்"னு போடு. அங்க போய் சீம்ஸ் போட்டாதான் பலவீனம்.

நாத்தத்துக்கு "இட் ஸ்மெல்ஸ் சவர்", புளிச்ச நாத்தம்னு. லுக், சவுண்ட், ஸ்மெல், டேஸ்ட், ஃபீல் இதெல்லாம் கண்ணால தெரிஞ்சுதா, காதால, மூக்கால, நாக்கால, தொட்டு தெரிஞ்சுதான்னு சேத்தே சொல்லிடும். சீம்ல அது கிடையாது, பாத்தது கேட்டது மோந்தது எல்லாத்தையும் கூட்டிப் பாத்து எனக்கு இப்படி படுதுன்னு சொல்றது. தண்ணி எங்கேருந்து வருதுங்கறது நம்ம யூகம்தானே, அந்த எடத்துக்கு மட்டும் சீம்ஸ் போதும்

துர்கா: டீச்சர் நான் துர்கா, ஃபார்ம் 5. சீமும் அப்பியரும் ஒன்னுதானே, அப்படித்தான் நான் மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கேன். எஸ்பிஎம் பரீட்சை ரைட்டிங் பேப்பர்ல எத வேணாலும் மாத்தி போடலாமா

ராஜேஸ்வரி டீச்சர்: பாதி சரிமா. "ஹி சீம்ஸ் டயர்ட்", "ஹி அப்பியர்ஸ் டயர்ட்" ரெண்டும் கிட்டத்தட்ட ஒன்னுதான், அப்பியர் கொஞ்சம் ஆபீஸ் பாஷை, ரிப்போர்ட்லயும் பேப்பர்லயும் நெறய வரும். ஆனா அப்பியருக்கு இன்னொரு வேலையும் இருக்கு, கண்ணு முன்னாடி வந்து நிக்கறது. சீமுக்கு அந்த அர்த்தம் கிடையவே கிடையாது.

நம்ம லோங்காங்கையே எடுத்துக்க. "டெட் ஃபிஷ் அப்பியர்ட் இன் தி டிரெயின்"னா செத்த மீனு லோங்காங்ல வந்து கெடந்துச்சு. "தி ஃபிஷ் அப்பியர்ட் டெட்"னா மீனு செத்த மாதிரி தெரிஞ்சுச்சு, உண்மையிலயே செத்துச்சான்னு நான் சொல்லல. டெட்ங்கற வார்த்தை முன்னாடி நின்னா ஒரு சாட்சி, பின்னாடி போனா வேற சாட்சி. நமக்கு வேண்டியது மொதல்ல சொன்னது

பாக்கியம் அக்கா: செத்துதான் கெடந்துச்சு டீச்சர். கெலியும் ஹாருவானும், நானே அள்ளி குழி தோண்டி பொதச்சேன்

ராஜேஸ்வரி டீச்சர்: அப்ப நீங்கதான் சாட்சி பாக்கியம். ஆல் தி ஃபிஷ்னு போட வேணாம் சிவா, எல்லா மீனையும் யாரு எண்ணினது. டெட் ஃபிஷ் போதும்

மாணிக்கம் மாமா: டீச்சர் சொல்றது நூத்துக்கு நூறு. தோட்டத்து ஆஸ்பத்திரில டிரெசரா சேந்தப்ப வார்டு புக்கு எழுத இதத்தான் மொதல்ல சொல்லி குடுத்தாங்க. மொகம் வெளுத்திருந்தா லுக்ஸ் பேல், மயக்கமா தெரிஞ்சா அப்பியர்ஸ் டிரவுசி, வயித்துவலின்னு நோயாளி வாயால சொன்னா கம்ப்ளெயின்ஸ் ஆஃப்னு எழுதணும், ஆனா அனிமிக்னு எழுத ரத்தம் டெஸ்ட் ஆகி வரணும். நான் பாத்தது, அவர் சொன்னது, லேப் சொன்னது மூனையும் கலந்துட்டா அடுத்த டியூட்டிக்கு வர ஆளு அத நம்பி தப்பான மருந்து குடுத்துருவாரு. பாக்கியம், பேரன மொதல்ல கிலினிக்குக்கு கூட்டிட்டு போம்மா. தண்ணியாலதான் வாந்தின்னு லெட்டர்ல எழுத வேணாம், அத டாக்டர் சொல்லட்டும்

பாக்கியம் அக்கா: சரிண்ணே, மருமக இப்பதான் கெளம்பறா. மில்லுல ராத்திரி ரெண்டு மணிக்கு கழிவ தொறந்து விடறாங்களாம், அத கண்டிப்பா போடணும்

ராஜேஸ்வரி டீச்சர்: இங்கதான் எனக்கு ஒன்னு சொல்லணும். பாக்கியம் "விடறாங்களாம்"னாங்க, கவனிச்சீங்களா. "விடறாங்க"ன்னா அவங்களே பாத்தது, "விடறாங்க போல"ன்னா அவங்களா யூகிச்சது, "விடறாங்களாம்"னா இன்னொருத்தர் சொல்லி கேட்டது. நம்ம ஆளுங்க வாயத் தொறந்தா இது தானா பிரிஞ்சு வந்துடும், எழுத்து தெரியாத ஆயா கூட தப்பா சொல்லாது. போலவுக்கு இங்கிலீஷ்ல சீம் இருக்கு. அந்த ஆமுக்கு மட்டும் வெர்ப் கடைசில ஒட்டறதுக்கு ஒன்னும் இல்ல, "வி ஆர் டோல்ட்"னு தனியா எழுதணும். சிவா இங்கிலீஷ்ல போடறப்ப அந்த ஆம் கழண்டு விழுந்து வெறும் இஸ் ஆயிருச்சு. கேள்விப்பட்டது பாத்ததா மாறிடுச்சு. யாரு சொன்னது பாக்கியம்?

பாக்கியம் அக்கா: மருமகனோட கூட்டாளி, அங்கதான் வேலை. பேரு மட்டும் போட்றாதீங்க, பாவம் புள்ளகுட்டிக்காரரு

ராஜேஸ்வரி டீச்சர்: போட மாட்டோம். வி ஆர் டோல்ட் போதும்

சிவா: இன்னொன்னு படிச்சேன். 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டத்துக்கு கீழ 1977ல செம்பனை எண்ணெய் மில்லுக்குன்னே தனி ரெகுலேஷன் போட்டிருக்காங்க. மில்லு கழிவு சூடா, பழுப்பா, புளிப்பா வருது, அத குளத்துல தேக்கி சுத்தம் பண்ணிதான் வெளிய விடணும், ஆத்துல விடறதுக்கு பிஓடி (கழிவ சிதைக்க கிருமிங்க தண்ணிலருந்து இழுக்கற ஆக்சிஜன் அளவு) பொதுவா லிட்டருக்கு 100 மில்லிகிராம் தாண்டக்கூடாது

குமார்: பாத்தீங்களா, பழுப்பு, புளிச்ச நாத்தம், அப்படியே நம்ம லோங்காங். இப்பவாச்சும் இஸ் போடலாமா

ராஜேஸ்வரி டீச்சர்: ஒத்துப்போகுது, அதனால நம்ம சீம்ஸுக்கு பலம் ஜாஸ்தி. 100 தாண்டுச்சான்னு நம்ம மூக்கு சொல்லாது குமாரு, லேப்தான் சொல்லணும்

துர்கா: டீச்சர் இன்னொரு டவுட், எனக்கு எஸ்ஸேல எப்பவும் இஸ் விட்டுப் போவுது, ஷி வெரி டால்னு எழுதிடறேன், சிவப்புல வட்டம் போட்டு வருது, ஏன்னே தெரியல அப்பறம் இஸ் சீமிங்னு எழுதலாமா

ராஜேஸ்வரி டீச்சர்: தமிழ்ல "அவ ஒசரம்", மலாய்ல "டியா திங்கி", ரெண்டுலயும் நடுவுல ஒன்னும் தேவையில்ல, அதான் உன் கை விட்டுடுது. இங்கிலீஷ்ல அந்த எடம் காலியா இருக்கக்கூடாது, இஸ்ஸோ லுக்ஸோ சீம்ஸோ ஒன்னு வந்து நிக்கணும். ஏம், இஸ் ஒரு பழைய மூலத்துலருந்து வந்தது, வாஸ், வெர் வேற ஒன்னுலருந்து, பி, பீன் மூனாவதுலருந்து, மூனும் சேந்து ஒரே வெர்ப் ஆனதாலதான் ஒன்னோட ஒன்னு ஒட்டாம இருக்கு. சீம் வடக்கேருந்து வந்தவங்க பேசின பழைய நார்ஸ் பாஷைலருந்து வந்தது, அங்க பொருத்தமா இருக்கறதுன்னு அர்த்தம், சீம்லிங்கற வார்த்தைல இன்னும் அந்த அர்த்தம் ஒட்டிகிட்டு இருக்கு.

இஸ் சீமிங் எழுதாத. யூ ஆர் லுக்கிங் வெல் சொல்லலாம், சீமுக்கு அது சரிவராது. லுக்ஸ், ஸ்மெல்ஸ், சீம்ஸ் பின்னாடி எப்படிப்பட்டதுன்னு சொல்ற வார்த்தைதான் வரணும், "ஹி லுக்ட் ஆங்ரி"ன்னா ஆளு மொகத்துல கோவம், "ஹி லுக்ட் ஆங்ரிலி அட் மி"ன்னா என்ன கோவமா பாத்தாரு. அங்க லுக் செய்யற வேலையே வேற

குமார்: மானேஜர் இஸ் இர்ரெஸ்பான்சிபிள்னு கடைசில ஒரு வரி போடலாமே டீச்சர். போன் பண்ணா எடுக்கறதே இல்ல

ராஜேஸ்வரி டீச்சர்: இஸ்னா அவரு பொறப்புலயே அப்படிங்கற மாதிரி. இஸ் பீயிங்னா இப்ப அப்படி நடந்துக்கறாரு. ரெண்டும் வேணாம், எந்தெந்த தேதில போன் பண்ணோம், எடுக்கலன்னு எழுது

சிவா: மாத்திட்டேன் பாருங்க. "தி வாட்டர் பிஹைண்ட் அவர் ஹவுசஸ் இஸ் டார்க் பிரவுன். இட் ஸ்மெல்ஸ் சவர் அண்ட் ஃபீல்ஸ் ஆய்லி. டெட் ஃபிஷ் ஹேவ் அப்பியர்ட் இன் தி டிரெயின். தி வாட்டர் சீம்ஸ் டு பி கமிங் ஃப்ரம் யுவர் மில். வி ஆர் டோல்ட் தட் வேஸ்ட் இஸ் ரிலீஸ்ட் அட் நைட். ப்ளீஸ் ஸ்டாப் எனி டிஸ்சார்ஜ் அண்ட் ஹேவ் தி வாட்டர் டெஸ்டட்."

ராஜேஸ்வரி டீச்சர்: ஃபீல்ஸ் ஆய்லின்னு போட்டிருக்க, தொட்டது யாரு?

பாக்கியம் அக்கா: நான்தான், மீன் அள்ளறப்ப கை வழுக்கிச்சு, சோப்பு போட்டும் போகல

ராஜேஸ்வரி டீச்சர்: அப்ப இருக்கட்டும். ரிசல்ட் வந்து கழிவுன்னு உறுதியாச்சுன்னா ரெண்டாவது லெட்டர்ல "டர்ன்ட் அவுட் டு பி"ன்னு எழுதலாம், அதுக்கு அப்பறம் சீம்ஸ் வேண்டியதில்ல

குமார்: சரி டீச்சர். விடியக்காலைல மோட்டர்ல போய் போட்டோ எடுத்துட்டு வரேன்

ராஜேஸ்வரி டீச்சர்: மில்லுக்கு மேல் பக்கமும் எடு, கீழ் பக்கமும் எடு. மேல தெளிஞ்ச தண்ணி, கீழ பழுப்புன்னா அத விட நல்ல சாட்சி கிடையாது. டைம் தெரியற மாதிரி எடு

பாக்கியம் அக்கா: மருமக போன் பண்ணா, கிலினிக்ல பேரனுக்கு மருந்து குடுத்துட்டாங்க, உப்பு தண்ணி குடிக்க சொல்லிருக்காங்க

சிவா: நல்லது அக்கா. நாளைக்கு ராத்திரி 8 மணிக்கு கோயில் மண்டபத்துல லெட்டர் வெச்சிருப்பேன், வீட்டுக்கு ஒருத்தர் ஐசி (அடையாள கார்டு) நம்பரோட வந்து கையெழுத்து போடுங்க. செல்வி அக்கா, பாசார் மாலம் நாளைக்குத்தான், நம்ம கடைக்காரர்கிட்டயே கேட்டுட்டேன்